கோயில் காட்டுல புத்துக்காளான் வர்றதே நின்னுபோச்சு, திரும்ப வர வழி இருக்கா?

கம்மாக்கரை தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல கடலோரத்துல ஒரு சின்ன ஊரு எங்களுது. ஊருக்கு மேக்க கம்மாக்கரைய ஒட்டி அய்யனார் கோயிலு, கோயில சுத்தி ஒரு நாலு ஏக்கர் காடு. காடுன்னதும் கொடைக்கானல் மாதிரி நெனச்சுராதீங்க. உடை மரம், வேம்பு, ரெண்டு இலுப்பை, ஒரு பெரிய ஆலமரம், அடியில சங்கமுள்ளு பொதரு, அம்புட்டுதான். ஆனா எங்க பக்கத்து வெயிலுக்கு அதுக்குள்ள போயி நின்னா உச்சந்தலை குளுந்துரும். சாமி காடுங்கறதால ஒரு சுள்ளி கூட யாரும் ஒடிக்க மாட்டாக, விழுந்த மரம் விழுந்தபடியே கெடந்து மக்கும்.

ஆலமரத்துக்கு தெக்க ஒரு கரையான் புத்து இருக்கு, ஆள் ஒசரம், எங்க அப்பத்தா வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சாம். ஐப்பசில ரெண்டு நாள் விடாம மழை ஊத்தி மூணாம் நாள் லேசா வெயில் தலைகாட்டுச்சுன்னா அப்பத்தா வெள்ளனா கெளம்பிரும், பின்னாடியே நானும் ஓலைக்கொட்டானோட போவேன். புத்து ஓரத்துல இருந்து பத்தடி தூரம் வரைக்கும் அங்கங்க மண்ணு வெடிச்சு, சாம்பல் கலந்த வெள்ளைல கூம்பு கூம்பா முட்டிக்கிட்டு நிக்கும். அப்பத்தா கத்தி கம்பி எதுவும் எடுத்துட்டு வராது, ரெண்டு விரலால தண்ட புடிச்சு மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்கும், வேரு மாதிரி ஒண்ணு நீளமா கூடவே வரும். நல்லா கொடையா விரிஞ்சு போனதுல நாலஞ்ச எடுக்காமயே விட்ரும். ஏன் அப்பத்தான்னு கேட்டா அது அய்யனாருக்குன்னு சொல்லும். வீட்டுக்கு வந்து சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய் அரைச்சு ஊத்தி ஒரு கொழம்பு வைக்கும் பாருங்க, இப்ப எழுதும்போதே எச்சி ஊறுது.

அப்பத்தா போயி ஆறு வருசம் ஆச்சு. நான் திருப்பூர்ல இருக்கேன், தீபாவளிக்குத்தான் ஊருக்கு வாரேன். மூணு வருசமா அந்த எடத்துல ஒரு காளான் கூட மொளைக்கல. ஊர்ல விசாரிச்சா, கோயில் கதவுல கரையான் ஏறிருச்சுன்னு புத்துக்குள்ள மருந்து ஊத்திருக்காக, அதுக்கு முந்தின வருசம் சீமக்கருவேல எடுக்கறேன்னு காட்டுக்குள்ள ஜேசிபி விட்டு பாதி பொதர அழிச்சிருக்காக. இப்ப மிச்ச எடத்தையும் மட்டம் பண்ணி பேவர் பிளாக் கல்லு பதிக்கப் போறாகளாம், திருவிழாவுக்கு வர்ற வண்டி நிக்கறதுக்கு. பெரியவங்க யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, சுத்தமா இருக்கணும்னு நெனைக்கிறாக.

எனக்கு தெரிய வேண்டியது, காளான் விதை பாக்கெட்ல விக்கிறாங்களே அத வாங்கி அங்க போட்டா திரும்ப மொளைக்குமா? இல்ல அந்த புத்துக்குள்ள ஏதாவது இன்னும் உசுரா இருக்குமா, அத எப்படி பாக்கறது? கமிட்டிகிட்ட நான் என்னன்னு சொல்லி நிறுத்தச் சொல்றது, வெறும் காளானுக்காகவான்னு கேப்பாங்களே.


மண்ணுக்குள் எழுதியது:

தம்பி, உங்க அப்பத்தாவ பத்தி படிச்சதும் மனசு நெறஞ்சுபோச்சு. நான் தாவரவியல் படிச்சவன், காளான் பூஞ்சை மேல கிறுக்கு புடிச்சு பதினஞ்சு வருசமா நம்ம மாவட்டம் பூரா மழைக்காலத்துல சுத்துறேன், அதனால இதுக்கு கொஞ்சம் விளக்கமாவே பதில் போடுறேன்.

மொதல்ல விதை விசயம். கடையில கெடைக்கிறது சிப்பிக்காளானும் பால் காளானும். பால் காளான்ல நம்ம பக்கத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த ஏபிகே 2 ரகம் வெயிலு தாங்கும், வைக்கோல்ல நல்லா வரும், குடிசை போட்டு வளக்கலாம். ஆனா நீங்க சொல்ற புத்துக்காளான் வேற சாதி. அதுக்கு டெர்மிடோமைசிஸ்னு பேரு, 1942ல ரோஜே ஹைம்ங்கற பிரெஞ்சுக்காரர் வச்சது. அத வைக்கோல்ல வளத்து விக்கிற அளவுக்கு இன்னும் யாராலயும் முடியல, ஏன்னா அத வளக்கத் தெரிஞ்சது கரையானுக்கு மட்டும்தான்.

ஆமா, கரையான் விவசாயம் பண்ணுது. காஞ்ச எல, சுள்ளி, பட்டை எல்லாத்தையும் அரிச்சு தின்னுட்டு உள்ள கொண்டுபோயி, பாதி செரிச்ச கழிவ உருண்டை உருண்டையா அடுக்கி ஒரு அடை கட்டும். நான் ஒரு தடவ ரோடு போட வெட்டுன கரையில ஒரு புத்து பொளந்து கெடந்தப்ப கிட்ட உக்காந்து பாத்திருக்கேன். கையளவு இருக்கும், பழுப்பு நெறம், தேனடைக்கும் பஞ்சுக்கும் நடுவுல ஒரு மாதிரி மடிப்பு மடிப்பா, தூக்குனா கனமே இல்ல, அது மேல பூரா ரவைய தூவி விட்ட மாதிரி வெள்ள வெள்ளயா புள்ளி. அந்த புள்ளிதான் பூஞ்சை. மரத்துல இருக்கற கெட்டிச் சத்த கரையானால முழுசா செரிக்க முடியாது, பூஞ்சை அத ஒடச்சு பதப்படுத்திக் குடுக்குது, கரையான் அந்த புள்ளியையும் பழுத்த அடையையும் திங்குது. பதிலுக்கு பூஞ்சைக்கு ஈரமும் சூடும் மாறாத வீடு, வேற பூஞ்சை ஏறாம களை எடுக்க ஆளு. இந்த கூட்டு சுமார் 3 கோடி வருசமா நடக்குதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்ல.

நீங்க புடுங்குனப்ப நீளமா கூடவே வந்துச்சே, அது அந்த அடையில இருந்து மண்ண தொளச்சு மேல வந்த காம்பு. நம்ம காளான்னு சொல்றது மாமரத்துல மாங்கா மாதிரி. மரம் மண்ணுக்குள்ள இருக்கு. கொழம்புக்கு வர்றத மட்டும் பாத்துட்டு மரத்துல மருந்து ஊத்திட்டா மாங்காக்கு எங்க போறது.

நம்மாளுங்களுக்கு இது புதுசும் இல்ல. சிறுபாணாற்றுப்படைல ஒரு ஏழைப் பாணன் வீட்டு அடுக்களைய சொல்லும்போது, பழைய சுவத்த கரையான் அரிச்சு உதுத்த புழுதில காளான் பூத்திருக்குன்னு வரும். சிதல்னா கரையான், காளாம்பின்னா காளான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அப்பவே பாத்திருக்காங்க.

அப்புறம் உங்க அப்பத்தா விரிஞ்ச காளான விட்டுட்டு வந்தது இருக்கே, அது பெரிய விசயம் தம்பி. மொத மழைக்கு ஈசல் பறக்குதுல்ல, அதுல தப்பிச்ச ஒரு சோடி மண்ணுக்குள்ள போயி புதுசா குடும்பம் ஆரம்பிக்கும். பெரும்பாலான சாதில அந்த சோடி கூடவே பூஞ்சைய எடுத்துட்டு போறதில்ல. அதுங்க பெத்த மொத கூட்டம் வேலைக்காரங்க வெளிய வந்து, மண்ணுல விழுந்து கெடக்கற காளான் வித்த தேடி எடுத்துட்டு போயித்தான் புது அடைல விதைக்கணும். விரிஞ்ச கொடைல இருந்துதான் அந்த வித்து கொட்டும். எல்லாத்தையும் மொக்குலயே புடுங்கி மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டா புது புத்துக்கு விதை இல்ல.

புடுங்கறதால அழியுமான்னு ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். சுவிட்சர்லாந்துல ஒரு காட்டுல 1975ல ஆரம்பிச்சு 2003 வரைக்கும் இத சோதிச்சாங்க, அது வேற சாதி காளான்தான், இருந்தாலும் சொல்றேன். கையால புடுங்குன எடத்துலயும் கத்தியால அறுத்த எடத்துலயும் மறு வருசம் காளான் கொறையல, ஆனா ஆளுங்க மிதிச்சு நடந்த எடத்துல மொளைக்கறது கொறஞ்சுச்சு. மனுசன் மிதிச்சதுக்கே அப்படி, ஜேசிபி டயர் ஏறுனா என்ன ஆகும்னு யோசிங்க. பேவர் கல்லு பதிச்சா மழை கீழ எறங்காது, எல உதுந்தாலும் கூட்டி அள்ளிருவாங்க, கரையானுக்கு தீனியும் இல்ல ஈரமும் இல்ல.

புத்து உசுரா இருக்கான்னு பாக்கறது சுலபம். சாயங்காலமா புத்தோட மேல் பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை போடுங்க, ரொம்ப ஆழம் வேணாம். மறுநாள் காலைல ஈர மண்ணு வச்சு அடச்சிருந்தா ஆளு இருக்கு. ரெண்டு மூணு நாளாகியும் அப்படியே இருந்தா நெலமை சரியில்ல. இன்னொரு அடையாளம், மழைக்கு அப்புறம் புத்துல இருந்து தீக்குச்சி கனத்துல கருப்பா, நுனி மட்டும் வெளுத்து, குச்சி குச்சியா ஏதாவது நீட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. அது சைலேரியான்னு வேற ஒரு பூஞ்சை. கரையான் உசுரோட இருக்கற வரைக்கும் அத களை எடுத்து அடக்கி வச்சிருக்கும், கூட்டம் செத்து அடை அனாதையான பெறகுதான் அது தலைய நீட்டும்.


உப்புக்காத்து எழுதியது:

தம்பி நான் ஏர்வாடி பக்கம். எங்க வீட்ல அத்தைதான் காளானுக்கு போவாக, நான் கூட போயி பழகுனவ. உங்க கதைய படிச்சிட்டு ஒரு எச்சரிக்கை மட்டும் போடலாம்னு வந்தேன், ஏன்னா இத படிச்சிட்டு இந்த மழைக்கு சின்னப் புள்ளைக யாராச்சும் பைய தூக்கிட்டு கெளம்பிருவாக.

போன வருசத்துக்கு முந்தின வருசம் எங்க தெருவுல ஒரு வீட்ல, புள்ளைக வெளாடுற திடல்ல மொளச்ச காளான புத்துக்காளான்னு நெனச்சு பொறிச்சு சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல குடும்பமே வாந்தி, வயித்தால போயி, ஆம்புலன்ஸ்ல ராமநாதபுரம் கொண்டுபோயி ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்துனாக. பாக்க அது அழகா வெள்ளையா தட்டு மாதிரி பெருசா இருக்கும், மேல பழுப்பு செதிலு. சின்னதுல அடி மடிப்பும் வெள்ளையாத்தான் இருக்கும், முத்துன பெறகுதான் பச்சை ஓடும். அத்தை சொல்ற கணக்கு இதான்: தண்டுல மோதிரம் மாதிரி வளையம் தொங்கி அது மேலயும் கீழயும் நகந்துச்சுன்னா தொடாத. புத்துக்காளானுக்கு நடுவுல ஆணி முனை மாதிரி கூம்பு இருக்கும், தண்டு மண்ணுக்குள்ள எறங்கிக்கிட்டே போகும், சும்மா மேலாக்க நிக்காது.

வெள்ளிக்காச போட்டு கொதிக்க வச்சா விசம் தெரியும், பூண்டு கருத்தா விசம், எறும்பு தின்னா நல்லது, இதெல்லாம் நம்பாதீக. எறும்பு வயிறும் நம்ம வயிறும் ஒண்ணு இல்ல. சாப்பிட்டு ஒடனே வாந்தி வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடிருவோம், ஆனா சில சாதி சாப்பிட்டு ஆறு மணி பன்னெண்டு மணி நேரம் ஒண்ணுமே செய்யாது, அப்புறம்தான் ஆரம்பிக்கும், நடுவுல கொஞ்சம் தெளிஞ்ச மாதிரியும் இருக்கும், அதுக்குள்ள ஈரல போயி புடிச்சிரும். அதனால எப்ப ஒடம்பு சரியில்லாம போனாலும் மிச்சம் இருக்கற காளான ஒரு பேப்பர்ல மடிச்சு டாக்டர்கிட்ட கொண்டு போங்க.

மத்தபடி உங்க அப்பத்தா மாதிரிதான் எங்க அத்தையும், கம்பி வச்சு நோண்டக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுவாக. நோண்டுன எடத்துல மறு வருசம் வராதுன்னு அவுகளுக்கு தெரிஞ்சிருக்கு.


மண்ணுக்குள் எழுதியது:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. அந்த பச்சை ஓடுற காளானுக்கு குளோரோபில்லம்னு பேரு, புல்லு இருக்கற எடம் பூரா மழைக்கு வரும். ஒரு சோதனை சேத்துக்கலாம், விரிஞ்ச கொடைய மட்டும் கிள்ளி வெள்ளைத் தாள் மேல கவுத்து, மேல ஒரு டம்ளர மூடி ராத்திரி பூரா விட்ருங்க. காலைல தாள்ல பச்சையா பொடி படிஞ்சிருந்தா அந்த விசக்காளான். புத்துக்காளான்னா வெளிறுன ரோஸ் நெறத்துல படியும். இது ஒரு கூடுதல் அடையாளம் மட்டும்தான், பழகுன ஆளு கூட இல்லாம யாரும் பறிச்சு திங்காதீங்க.


உச்சிப்புளி தென்னை எழுதியது:

எல்லாம் சரிங்க, நான் ஒரு விவசாயி, எனக்கு வேற மாதிரி படுது, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தோப்புல நாலு வருசத்துல பதினோரு தென்னை போச்சு. அடிமரத்துல செவப்பா சாறு வடியும், அப்புறம் மட்டை தொங்கும், குரும்பை கொட்டும், கடைசில தூருல மரத்தட்டு மாதிரி காளான் ஒண்ணு மொளைக்கும், மேல செம்பழுப்புல வார்னிஷ் அடிச்ச மாதிரி மின்னும், ஓரம் வெள்ளை. அது வந்துட்டா மரம் முடிஞ்சுச்சு. ஒரு மரம்னா ஒரு புள்ளைய வளத்த மாதிரி. அப்படி இருக்க பூஞ்சைய காப்பாத்தணும்னா என் மனசு ஒப்ப மாட்டேங்குது.


மண்ணுக்குள் எழுதியது:

அண்ணே, பதினோரு மரம்னா சின்ன இழப்பு இல்ல, வருத்தமா இருக்கு. நீங்க சொல்றது தஞ்சாவூர் வாடல்தான், கானோடெர்மா பூஞ்சை. 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர் பக்கம் மொதல்ல கண்டது, அதனால அந்த பேரு. மணல் பாங்கான, தண்ணி வசதி கொறஞ்ச தோப்புல அதிகமா வரும், நம்ம கடலோரம் பூரா அப்படித்தான். தட்டு மொளைக்கறது கடைசி கட்டம், அதுக்கு முன்னாடியே வேருல ரொம்ப நாளா இருந்திருக்கும். செத்த மரத்தோட தூர வேரோட தோண்டி எடுத்துருங்க, அந்த பாத்தி தண்ணி அடுத்த மரத்துக்கு ஓடாம தனியா பாச்சுங்க, சுத்தி ஒரு வாய்க்கா வெட்டி விட்டா வேரும் வேரும் தொடாது. நல்ல மரத்துக்கு வருசத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் தொழுவுரத்தோட கலந்து வைங்க.

அந்த டிரைக்கோடெர்மா என்னன்னு நெனைக்கிறீங்க? அதுவும் பூஞ்சைதான் அண்ணே. கானோடெர்மாவ சுத்திப் புடிச்சு திங்கற பூஞ்சை. ஒங்க தென்னை வேருக்குள்ளயே இன்னொரு சாதி குடியிருக்கு, வேரால எட்ட முடியாத சந்துக்குள்ள தலைமுடிய விட மெல்லிசா இழைய விட்டு பாஸ்பரஸ் சத்த உறிஞ்சி மரத்துக்கு குடுத்துட்டு பதிலுக்கு மாவுச்சத்த வாங்கிக்கும். நெலத்துல இருக்கற செடிகொடில பெரும்பாலானதுக்கு இந்த மாதிரி கூட்டாளி உண்டு. மண்ண சாகடிச்சா நல்லதுதான் மொதல்ல போகும், கெட்டது கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு கெடக்கும். எல்லா பூஞ்சையையும் காப்பாத்துங்கன்னு நான் சொல்லல, கோயில் காட்ட காப்பாத்துங்கன்னுதான் சொல்றேன்.


ராவணன்மீசை எழுதியது:

மண்டபத்துல இருந்து எழுதுறேன், பள்ளிக்கூடத்துல வேலை. என் பேருல இருக்கற செடிய தெரியும்ல, கடற்கரை மணல் மேட்டுல ஊசி ஊசியா உருண்டையா காத்துல ஓடுமே. நான் வருசா வருசம் புள்ளைகள கூட்டிட்டு போயி ஒண்ணு காட்டுவேன். மணல்மேட்டுல ராவணன்மீசை வேரையோ அடப்பங்கொடி வேரையோ மெதுவா, ரொம்ப மெதுவா இழுத்தா, வேர சுத்தி மணலு சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். ஒதறுனாலும் உடனே கொட்டாது. வேர் விடுற பசையும் மண்ணுக்குள் அண்ணன் சொன்ன அந்த இழையும் சேந்து ஒவ்வொரு மணலையும் கட்டி வச்சிருக்கு. உப்புக்காத்துல, உரமே இல்லாத வெறும் மணல்ல கொடி பச்சையா இருக்கறதுக்கு பாதி காரணம் அதுதான். 1964 புயல்ல தனுஷ்கோடி போன கதைய கேட்டு வளந்த ஊரு எங்களுது, மணல்மேடு என்னத்துக்கு வேணும்னு எங்க புள்ளைகளுக்கு தனியா சொல்ல வேண்டியதில்ல.

காரங்காடு அலையாத்திக்காட்டுக்கு படகுல போனீங்கன்னா சேத்துல விழுந்து கெடக்கற குச்சி ஒண்ண எடுத்து உத்துப் பாருங்க, மிளகுத்தூள் தூவுன மாதிரி கருப்பு புள்ளி இருக்கும். பெரும்பாலும் அது கடல் பூஞ்சை. வித்துக்கு வாலு மாதிரி, எறக்க மாதிரி ஒட்டு இருக்கும், அலைல அடிச்சிட்டு போகாம குச்சிய புடிச்சுக்கறதுக்கு. அது குச்சிய கரைச்சாத்தான் நண்டுக்கும் எறாலுக்கும் தீனி. கொடை விரிக்கிறது மட்டும்தான் காளான்னு நெனச்சிட்டு இருந்தவன் நான், அந்த குச்சிய பாத்த பெறகுதான் மாறுனேன்.


ஒத்தப்பனை எழுதியது:

கமிட்டிகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டீங்கல்ல, நான் முதுகுளத்தூர் பக்கம் எங்க ஊரு கோயில்ல இதே பஞ்சாயத்து பண்ணுன அனுபவத்துல சொல்றேன். காளான்னு ஆரம்பிக்காதீங்க, புத்துன்னு ஆரம்பிங்க. நம்ம ஊர்ல புத்துக்கு மஞ்சள் குங்குமம் வைக்காத பொம்பளைக உண்டா, பால் ஊத்தாத வீடு உண்டா, அத ஜேசிபி வச்சு தள்ளுனா ஊருக்கு ஆகுமான்னு பெரியவங்கள கேளுங்க, வீட்ல இருக்கற பொம்பளைகளயும் கூட்டிட்டு போங்க. கதவு பிரச்சனைக்கு வழி சொல்லுங்க. கரையான் மண்ணு பூசித்தான் மேல ஏறும், அந்த மண்ணு தடத்த வாரா வாரம் சொரண்டி விட்டாலே பாதி நிக்கும், நெலைக்கு அடில ஒரு அடி கருங்கல்லு வச்சு தூக்கிட்டா தடம் வெளில தெரியும், புத்துல மருந்து ஊத்த வேண்டியதே இல்ல.

சீமக்கருவேல எடுக்கறத வேணாம்னு சொல்லாதீங்க, எடுக்கத்தான் வேணும். 2017ல மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு வந்தப்ப எல்லா ஊர்லயும் அவசர அவசரமா ஜேசிபி விட்டதுல நல்ல மரமும் சேந்து போச்சு. காட்டுக்குள்ள மட்டும் ஆள் வச்சு வெட்டுங்க, தூர கையால தோண்டுங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்து வெயில உள்ள விடாம கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு அந்த எடத்துல உடையும் வேம்பும் வைங்க. கரிமூட்டத்த காட்டுக்கு உள்ள போடவே கூடாது, அந்த சூட்டுல மண்ணு செங்கல்லாயிரும். விழுந்து கெடக்கற கட்டைய அள்ளாதீங்க. எங்க காட்டுல ஒரு பழைய வேப்பங்கட்டை கெடக்கு, மழை பேஞ்சா செங்காவி நெறத்துல தட்டு தட்டா பூக்கும், பக்கத்துலயே சின்னச்சின்ன வெள்ளை விசிறி, வெயிலுக்கு சுருண்டு செத்த மாதிரி ஆயிரும், தண்ணி தெளிச்சா மறுபடி விரியும்.


மண்ணுக்குள் எழுதியது:

அந்த வெள்ளை விசிறி ஸ்கைசோபில்லம், நம்ம வெயிலுக்குன்னே பொறந்தது. ஒத்தப்பனை சொன்ன வழிதான் நடைமுறைக்கு ஆகும். சட்டம்னு போனா நமக்கு பெருசா கை குடுக்காது, 1972 வனவிலங்கு சட்டத்தோட அட்டவணைல விலங்குக்கும் செடிக்கும்தான் எடம். ஒலக அளவுல இப்பதான் கண்ணு தெறக்குறாங்க, அழியப் போற உசுருகள கணக்கெடுக்கற ஐயுசிஎன்ங்கற ஒலக அமைப்போட செம்பட்டியல்ல 2025 மார்ச்ல பூஞ்சை கணக்கு 1,300 ஆச்சு, அதுல 411 அழியற ஆபத்துல இருக்கு. மொத்தம் 22 லட்சத்துல இருந்து 38 லட்சம் சாதி இருக்கலாம்னு மதிப்பு, பேரு வச்சதே ஒண்ணரை லட்சம் பக்கம்தான். உங்க நாலு ஏக்கர்ல பேரு வைக்காதது எத்தனை கெடக்கோ. தம்பி, ஊருக்கு போனா அந்த ஓட்டை சோதனைய பண்ணிட்டு கண்டிப்பா எழுதுங்க.


கம்மாக்கரை தம்பி எழுதியது:

தீபாவளிக்கு வந்துட்டு இப்பத்தான் திருப்பூர் பஸ்ல இருந்து எழுதுறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

அப்பத்தா புத்துக்கு மொத நாளே போனேன். மூணு நாள் மழை பேஞ்சு நின்ன நேரம், காளான் வர்றதா இருந்தா வந்திருக்கணும். கிட்ட போயி பாத்தா புத்தோட கெழக்குப் பக்கம் அண்ணன் சொன்ன அதே கருப்பு குச்சி, ஒரு முப்பது நாப்பது, நுனி வெளுத்து, ஊதுவத்தி எரிஞ்சு நின்ன மாதிரி. இருந்தாலும் மனசு கேக்கல, ஓட்டை போட்டுப் பாத்தேன். ரெண்டு நாளும் அடைக்கல. கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டு வந்தேன்.

அம்மாவையும் சித்தியையும் கூட்டிட்டு கமிட்டி பெரியவர் வீட்டுக்கு போனோம். அம்மாதான் பேசுச்சு, நான் ஒண்ணும் பேசல. புத்த தள்ள மாட்டோம்னு ஒத்துக்கிட்டாக. பேவர் கல்லு கோயிலுக்கு முன்னாடி ரோட்டுப் பக்கம் மட்டும், ஆலமரத்துக்கு தெக்க வண்டி விடறதில்லன்னு சொல்லிருக்காக. கதவு நெலைக்கு கருங்கல்லு வைக்கற செலவுல பாதி நான் தர்றேன்னு சொல்லிருக்கேன். எழுத்துல வாங்கல, அடுத்த கூட்டத்துல பேசுவாக.

ஊர விட்டு கெளம்பறதுக்கு முந்தின நாள் சித்தி மகன் வந்து, அண்ணே பின்னாடி உடை மரத்தடில இன்னொரு புத்து இருக்குண்ணேன்னு கூட்டிட்டு போனான். முழங்கால் ஒசரம் கூட இல்ல, சங்கமுள்ளுக்கு உள்ள மறைஞ்சு கெடக்கு, அதனாலதான் ஜேசிபிக்கு தப்பிருக்கு. குனிஞ்சு தவழ்ந்து உள்ள போயி, கையெல்லாம் கீறி, சாயங்காலமா கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை போட்டுட்டு வந்தேன். காலைல அஞ்சரைக்கு பஸ், அதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுட்டு போயி பாத்தேன். அடச்சிருந்துச்சு. தொட்டுப் பாத்தா ஈர மண்ணு விரல்ல ஒட்டுது.

காளான் ஒண்ணும் கண்ணுல படல. இந்த சின்ன புத்து காளான் விட எத்தனை வருசம் ஆகும்ணே?


மண்ணுக்குள் எழுதியது:

கூட்டம் பெருத்து அடை நெறைய கட்டணும், சில வருசம் ஆகும் தம்பி. சுத்தி எலைய கூட்ட வேணாம்னு மட்டும் சித்தி மகன்கிட்ட சொல்லி வைங்க. அடுத்த ஐப்பசிக்கு நான் வாரேன், சேந்து போயி பாப்போம்.